ராகு காலத்து வெளிச்சம்

அத்தானுக்கு வெயில் பைத்தியம் பிடித்த வருஷத்தில்தான் எனக்கு முன்பல் விழுந்திருந்தது. அத்தை மகனான அவர் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். பழைய பாக்ஸ் கேமரா ஒன்றை வாங்கியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்கு வந்து, எங்கள் சந்தில் வெயில் எங்கே விழுகிறது, எப்போது நகர்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். தகரக் கூரைகளுக்கு நடுவே வெயில் இறங்குவதே பெரும்பாடு. அதற்காக ஒருவர் காத்துக்கிடப்பதைப் பார்த்துச் சந்தே சிரித்தது.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டிருந்தார்கள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது ஸ்டூடியோ எதற்கு என்று அம்மா அத்தானைப் பிடித்துக்கொண்டாள். நல்ல நேரத்தில் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமையோ நாலரைக்கெல்லாம் ராகு காலம் பிறந்துவிடும். அத்தானுக்குப் பிடித்த வெளிச்சம் அதற்குப் பிறகுதான் வரும்.

"அத்தே, இப்ப வெயிலு மூஞ்சியில அடிக்கு. கொஞ்சம் எறங்கட்டும்."

"ராகு காலத்துலயா எடுப்பே? பேசாம எடுய்யா."

படத்தில் அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு, யாரையோ திட்டப் போகிறவள் மாதிரி நின்றாள். அன்று மிஞ்சிய பிலிமில், வெயில் தணிந்த பிறகு, அத்தான் என்னையும் குழாயடிச் சுவரோரம் நிறுத்தி ஒன்று எடுத்திருந்தார். அப்பாவின் வெள்ளை வேட்டியை எதிரே இழுத்துக் கட்டி, அதில் பட்ட வெளிச்சம் என் முகத்தில் விழும்படி செய்திருந்தார். எனக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்காததால் ராகு காலத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. படத்தில் என் ஓட்டைப் பல்கூட அழகாக இருந்தது.

அம்மா இரண்டு படங்களையும் பார்த்தாள். சில நாள் மனசோடு மல்லுக்கட்டிவிட்டு இறங்கி வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றிவிட்டு, ராகு காலத்திலேயே எடுக்கச் சொன்னாள். அதே சுவர், அதே வேட்டி. அத்தான் குனிந்து கேமராவுக்குள் வெகுநேரம் பார்த்தார். அக்காவும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து நான் அடம்பிடித்துப் போய் நின்றேன். என்னை ஒரு நொடியில் எடுத்து முடித்தார்.

படம் வந்தபோது அக்கா கலங்கிய தண்ணீரில் தெரிகிற மாதிரி இருந்தாள். நான் பளிச்சென்று இருந்தேன். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் ராகு காலம் பண்ணுன வேல. நாளைக்கே மாட்டுங்கா ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே சொவரு, ஒரே வெளிச்சம். சின்னவ மட்டும் எப்படிய்யா தெளிவா விழுந்தா?"

"கை ஆடிட்டு மாமா."

"அவளுக்கு மட்டுமா?"

அத்தான் கேமராவின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கத் தொடங்கினாள். அதில் ஏற்கெனவே சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே ஒரு பார்வை பார்த்தார். அம்மாவை வாசலுக்கு அழைத்துப் போய் மெதுவாகப் பேசினார்.

ஊருக்குப் போட்டோ போகவில்லை. தை மாதம் அத்தானுக்கே அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள்.

எனக்கு அக்காவை நினைத்தால் பாவமாக இருந்தது. போட்டோவில் விழாத முகத்தை வேறு யார் கட்டுவார்கள், அதனால்தான் படத்தைக் கெடுத்தவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அன்று பளிச்சென்று விழுந்த என்னுடைய படத்தை அவள் கையில் வைத்து, "நீ இத வச்சுக்கோக்கா" என்றேன். மாலையும் கழுத்துமாக இருந்தவள் அதை அத்தானிடம் காட்டினாள். இருவரும் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.