அண்ணி எண்ணிய இருபத்திநாலு

என் அண்ணிக்குச் சங்கீதம் தெரியும் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்பது அவராகத்தான் இருக்கும். அவருக்குத் தெரிந்தது பஸ் சீட் தைக்க. கிழிந்த ரெக்ஸினைப் பிரிப்பார், உள்ளே அமுங்கிப்போன பஞ்சை மாற்றுவார், வளைந்த ஊசியால் விளிம்பைச் சுற்றித் தைப்பார். இருபது வருடமாக டிப்போவில் அதுதான் வேலை. இந்த ஊரில் பஸ் ஏறிய எல்லோரும் அண்ணியின் தையல்மேல் உட்கார்ந்தவர்கள்தான். ஒருவராவது நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

டிப்போவுக்கென்று ஒரு பேண்டு இருந்தது. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று பன்னிரண்டு பேர். ஒருநாள் பெரிய டிரம்மின் தோல் கிழிந்துவிட்டது. சீட் தைக்கிற ஷெட்டில் கொண்டுவந்து போட்டார்கள். அண்ணி புதுத் தோலுக்குக் காத்திருக்காமல் சீட் ரெக்ஸினையே இழுத்துக் கட்டி, சரியாக இருக்கிறதா என்று ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் குச்சி அவர் கையைவிட்டுப் போகவில்லை. அதுவரை டிரம் அடித்த மெக்கானிக் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு ஜால்ராவுக்கு மாறிக்கொண்டார்.

பேண்டின் தலைவர் டிரம்பெட் வாசித்த டிக்கெட் செக்கர். அவர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்கியவனே சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பான். சொந்த மகனே அதே டிப்போவில் கண்டக்டர்; அவனையும் ஒருமுறை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், சில்லறை குறைந்ததற்கு. அப்படிப்பட்ட மனிதர் டிரம்பெட்டை எடுத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். யாராவது வாசிக்கும்போது வழிதவறினால் அவர் திட்டமாட்டார், நிறுத்தவும் மாட்டார். தான் வாசித்த கடைசி வரியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நிற்பார், தவறியவர் வந்து சேரும்வரை. இதற்கு டிப்போவில் 'ஸ்டாப்பில் நிற்பது' என்று பெயர். ஓடிவருகிறவர் ஏறிக்கொள்ளட்டும் என்று பஸ் நிற்கிறதே, அதுபோல. யாரையும் விட்டுவிட்டுப் போவது அந்தப் பேண்டில் கிடையாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. டிப்போ வாசலில் ஒரு டூட்டி போர்டு. வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரும் ஒரு தகட்டில் எழுதி அங்கே ஆணியில் தொங்கும். வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்துவிட்டால், பேண்டு 'பெரிய நடை' என்ற ஒரு நீளமான மெட்டை வாசித்தபடி ஷெட்டிலிருந்து வாசல்வரை நடந்துவரும். வாசித்து முடித்த பிறகுதான் அவர் பெயர்த்தகட்டை எடுப்பார்கள். அதுவரை அவர் டூட்டியில் இருப்பதாகக் கணக்கு. பெரிய நடையின் நடுவில் டிரம்பெட் மட்டும் தனியாக வாசிக்கும் ஒரு பகுதி உண்டு. அந்த நேரம் டிரம் அடிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு, நாலு நாலாக இருபத்திநாலு எண்ணவேண்டும். எண்ணி முடித்ததும் ஓங்கி ஓர் அடி. அதிலிருந்து எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

பிறகு சண்டை வந்தது. யார் ஆரம்பித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்பது வருடம் அதையே பேசித் தொண்டை வறண்டவன் நான். ஊர் இரண்டாகப் பிளந்தது, பிளந்த கோடு டிப்போ வழியாகப் போனது. எரிந்த பஸ்களை வரிசையாக நிறுத்தி முற்றத்தின் குறுக்கே சுவர் வைத்துவிட்டார்கள். வடக்கு கேட் எங்களுக்கு, தெற்கு கேட் அவர்களுக்கு. டிரம் எங்கள் பக்கம் மாட்டிக்கொண்டது, டிரம்பெட் அந்தப் பக்கம்.

என் அண்ணனும் டிப்போ டிரைவர்தான். மூன்றாவது வருடம் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அவசர அவசரமாக நாலு பேர் சேர்ந்து புதைத்துவிட்டு வந்தோம். அண்ணி அழுததை நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து மெதுவாகச் சொன்னார்.

"உங்க அண்ணனுக்குப் பெரிய நடை வாசிக்கல, தம்பி. அவர் இன்னும் டூட்டியிலதான் இருக்கார்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "வாசிக்க வேண்டியவன்தானே அண்ணி அந்தப் பக்கத்துல உக்காந்து நம்மமேல குண்டு போடுறான்" என்றேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

டிப்போ மூடியபோது அண்ணி ஒரு பழைய பஸ் சீட்டையும் டிரம் குச்சியையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் போனதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சீட்டின் முன்னால் உட்கார்ந்து பெரிய நடையை முதலிலிருந்து அடிப்பார். பொத் பொத்தென்று சத்தம், கூடவே தூசி. நடுவில் திடீரென்று நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் லேசாக ஆட்டியபடி சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு ஓங்கி ஓர் அடி. முதலில் அண்ணன் போன துக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"நடுவுல ஏன் அண்ணி சும்மா உக்காந்துடுறீங்க?"

"இது செக்கர் வாசிக்கிற இடம்."

"அவர் எங்க இங்க இருக்கார்?"

"அவர் இல்லன்னா அவர் இடத்துல நான் அடிச்சுட முடியுமா? வாசிச்சு முடிக்கட்டும், பொறுங்க."

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது அடுத்த தெருவில் குண்டு விழுந்தது. ஜன்னல் கண்ணாடி உள்ளே கொட்டியது. நான் குழாய் ரிப்பேர் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் பாய்ந்து அவரைக் கூப்பிட்டேன். அண்ணி என்னைப் பார்த்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். கொஞ்சம் இருங்க என்று அர்த்தம். எண்ணி முடித்து, அந்த ஓங்கிய அடியையும் அடித்துவிட்டுத்தான் எழுந்தார். நான் கத்து கத்தென்று கத்தினேன். அவர் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே, "ஒருத்தர் வாசிச்சிட்டு இருக்கும்போது பாதியில எழுந்து போறது மரியாதையா, தம்பி?" என்றார்.

குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்து மனிதருக்குத்தான் தினமும் தன் வீட்டில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்கு அது பைத்தியக்காரத்தனம். இன்றைக்கு நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

ஒன்பதாவது வருடம் சண்டை நின்றது. எரிந்த பஸ்களை இழுத்துப் போட்டுவிட்டு டிப்போவைத் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். பழைய டூட்டி போர்டைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவதாகவும் செய்தி வந்தது. பழைய போர்டில் பெயர் தொங்கியவர்களில் இறந்தவர்கள் பதினாலு பேர், இரண்டு பக்கத்திலும் சேர்த்து. அண்ணி நேராகப் போய் மேனேஜரிடம் நின்றார். பெரிய நடை வாசிக்காமல் ஒரு தகட்டையும் தொடக்கூடாது என்றார். மேனேஜர் புது ஆள், வம்பு வேண்டாம் என்று பார்த்தார். "ஒண்ணாம் தேதி திறக்கிறோம். அதுக்குள்ள ஆள் சேர்ந்தா வாசிங்க" என்றார்.

பேண்டில் உயிரோடு இருந்தது ஏழு பேர். ஐந்து பேரை அண்ணி பேசியே சம்மதிக்க வைத்துவிட்டார். மிச்சம் செக்கர். அவர் இல்லாமல் பெரிய நடை இல்லை. தெற்கு கேட்டைத் தாண்டி மூன்றாவது தெரு என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார். தனியாக விட மனமில்லாமல், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நானும் போனேன். அந்தத் தெருவும் எங்கள் தெருபோலவேதான் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

செக்கர் பாதியாக இளைத்திருந்தார். உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. அண்ணி விஷயத்தைச் சொன்னார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என் பையன் பஸ்ஸுக்குள்ள இருந்தப்போ குண்டு விழுந்துச்சு. உங்க பக்கத்துக் குண்டு. புதைக்கக்கூட ஒண்ணும் மிஞ்சல. அவன் பேர் எழுதியிருக்கிற இடம் இந்த உலகத்துல அந்தத் தகடு ஒண்ணுதான். நான் வாசிச்சா அதை எடுத்துடுவாங்க. என் வாயாலேயே ஊதி எடுக்கச் சொல்றீங்களா?"

கிளம்பலாம் என்று அண்ணியின் கையைத் தொட்டேன். அவர் நகரவில்லை. அங்கிருந்த மர ஸ்டூலை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் பெரிய நடையை அடிக்க ஆரம்பித்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டத் தொடங்கினார்.

எட்டோ ஒன்பதோ எண்ணியிருப்பார், செக்கரின் வலது கையைப் பார்த்தேன். மூன்று விரல்கள் வேட்டிமேல் மாறி மாறி அழுந்திக்கொண்டிருந்தன. டிரம்பெட்டில் அமுக்குவதுபோல. கடைசிவரை அழுத்தினார். அவர் விரல் நின்றதும் அண்ணியின் அடி விழுந்தது. இம்மி பிசகவில்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

"தினமும்தான். ஆறு மணிக்கு."

"குண்டு விழுந்தப்பவுமா?"

"உங்க இடம் உங்களுக்குத்தானேங்க."

செக்கர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

ஒண்ணாம் தேதி பத்து மணிக்கு டிப்போ முற்றத்தில் இரண்டு பக்கத்து ஜனமும் நின்றது. நடுவில் பத்தடி இடம் விட்டு. அண்ணி டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷெட் வாசலில் நின்றார். ரெக்ஸின் அங்கங்கே வெடித்திருந்தது. பத்தரை ஆகியும் செக்கர் வரவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போர்டைக் கழற்ற வந்தவன் ஏணியைச் சாய்த்து வைத்தும்விட்டான்.

அப்போது தெற்கு கேட் வழியாக அவர் வந்தார். பழைய காக்கிச் சட்டை. தோளில் டிக்கெட் பை, அதிலிருந்து டிரம்பெட்டின் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. என்ன நினைத்து வந்தார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. யாரையும் பார்க்காமல் வரிசையில் தன் இடத்தில் போய் நின்று தலையசைத்தார்.

ஏழு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். தொடக்கம் கொஞ்சம் தள்ளாடியது, பிறகு பிடித்துக்கொண்டது. நடுப்பகுதி வந்தது. எல்லோரும் நிறுத்த, டிரம்பெட் மட்டும் எழுந்தது. அதை எப்படிச் சொல்ல? ஒன்பது வருடம் தலைக்குமேல் வந்ததெல்லாம் சாவின் சத்தம். அதே வெளியில் இப்போது இந்தச் சத்தம். பத்தடி இடைவெளியில் நின்ற இரண்டு கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

இருபத்திநாலு முடிந்தது. அடி விழவில்லை.

அண்ணியைப் பார்த்தேன். குச்சி கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் வெறும் மௌனத்தை ஒரு நாள்கூடத் தவறாமல் எண்ணியவருக்கு, உண்மையான சத்தம் காதில் விழுந்ததும் எண்ணிக்கை போய்விட்டது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நின்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. எங்கள் பக்கத்தில் ஒருவன், "முடிஞ்சுதா? அவ்வளவுதானா?" என்றான். செக்கர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவருக்கு அது லாபம்கூட. பாதியில் நின்றால் வாசித்ததாகக் கணக்கில்லை, மகனின் தகடு ஆணியிலேயே இருந்திருக்கும்.

அவர் கடைசி வரியைத் திரும்ப வாசித்தார்.

மறுபடியும் வாசித்தார். அண்ணி பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு மறுபடியும். ஸ்டாப்பில் நிற்கிறார் என்று டிப்போ ஆட்களுக்குப் புரிந்துவிட்டது, எங்கள் பக்கத்து கண்டக்டர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து. ஆறு. ஒன்பது வருடம் ஊதாத உதடு, ஏழாவது முறையில் வெடித்து ரத்தம் கசிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவர் நிறுத்தவில்லை. எட்டு. ஒன்பது. அண்ணி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பத்து. குச்சியை உயர்த்தினார்.

பதினோராவது முறை முடிந்ததும் டிரம் அதிர்ந்தது. எல்லா வாத்தியமும் சேர்ந்துகொள்ள, வாசல்வரை நடந்தார்கள். நான் என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய காரியம் எதையும் பார்த்ததில்லை. பின்னால் ஜனம் நடந்தபோது அந்தப் பத்தடி இடம் எங்கே போனது என்று நான் கவனிக்கவில்லை.

போர்டின் கீழே வந்து முடித்தார்கள். ஏணிக்காரனை ஒதுங்கச் சொல்லிவிட்டு செக்கரே ஏறினார். மகனின் தகட்டை எடுத்துச் சட்டையில் துடைத்து டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்து ஆணியில் இருந்த என் அண்ணனின் தகட்டையும் எடுத்து, இறங்கி வந்து அண்ணியின் கையில் கொடுத்தார்.

"எண்ணிக்கை தவறிடுச்சுங்க" என்றார் அண்ணி. "உங்களை ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேன்."

செக்கர் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தார்.

"ஏறிட்டீங்கல்ல" என்றார்.