கேப்டனிடம் சொல்லாமல் மாற்றிய தகடு

எங்கள் கல்லூரி ரோபோ அணியின் கேப்டன் ஒருநாள் இரண்டு அலுமினியப் பட்டைகளை அடுத்தடுத்து வைஸ் பிடியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தாள். 6061 என்ற கலவை மடங்கியது. 7075 மடங்காமல் கீறல் விட்டு இரண்டானது. “வளஞ்சா தட்டி நிமித்திக்கிடலாம். ஒடஞ்சா என்ன செய்வ?” என்று என்னைக் கேட்டாள். மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து பாலக்காட்டுக்குப் படிக்க வந்தவள் அவள்.

சுழலும் எஃகு வட்டால் எதிராளி ரோபோவை நொறுக்க வேண்டிய போட்டி. எங்களுடையது எடை வரம்பைத் தாண்டியிருந்தது. 7075 மிக வலுவானது, அதில் மெல்லிய தகடே போதும் என்று நான் வாதாடினேன். அதை வெல்டு வைத்தால் விரிசல் விழும், போல்ட் போட்டு இணைக்கும்படி ரோபோவின் சட்டகத்தை மாற்ற நேரமில்லை என்று அவள் மறுத்துவிட்டாள். போட்டி நெருங்கிய வாரத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனாள். நான் கோயம்புத்தூரில் 7075 தகடு வாங்கி, பாலக்காட்டு எல்லையோரக் கோபாலபுரத்தில் எங்கள் வீட்டருகே இருந்த பட்டறையில் கொடுத்தேன். வெல்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த ரகமுங்க தம்பி?”

“6061 தானுங்க” என்றேன்.

அவள் திரும்பியபோது எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம் அடித்திருந்தேன். எடை எப்படிக் குறைந்தது என்று கேட்டாள். துளை போட்டேன் என்றேன். நம்பினாள்.

மறுநாள் மதியம் கல்லூரிப் பட்டறைக்குப் பின்னால், மணல் மூட்டைகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தோம். வேகம் ஏறியதும், வட்டைத் தாங்கிய தகட்டின் வெல்டு வாய் பிளந்தது. பிய்ந்த வட்டு மூட்டைகளுக்கு மேலே எழும்பி அவள் முகத்தில் அடித்தது. இடது கண் போயிற்று.

விசாரணையில், பாதுகாப்புக்குப் பொறுப்பு கேப்டன்தான் என்று முடித்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. அதே அறையில் இருந்த நானும் பேசவில்லை. படிப்பை விட்டுவிட்டு அவள் மலைக்குப் போனாள். நான் தேர்ச்சி பெற்றேன். இன்று ஒரு தொழிற்சாலையில், வந்து இறங்கும் உலோகம் சொன்ன ரகம்தானா என்று சோதித்துக் கையெழுத்திடுவது என் வேலை.

போன வருடம் அவளைத் தேடி மறையூருக்குப் போனேன். ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். தலையைச் சற்றுத் திருப்பி, வலது கண்ணால்தான் என்னைப் பார்த்தாள். பத்து வருடமாகச் சொல்லாததை நின்றபடியே சொல்லி முடித்தேன்.

“தெரியும். ஒடஞ்ச துண்ட ஆஸ்பத்திரிக்கே கொண்டாரச் சொல்லிப் பாத்தேன்” என்றாள். “விசாரணையில நீயா சொல்லுவன்னுதான் நான் பேசாம இருந்தேன்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

“அம்மா சோறு கொண்டு வர்ற நேரம். எம்மகள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன பிள்ளன்னு இன்னமும் ஒன்னயச் சொல்லிக்கிட்டிருக்கா. அவ வாரதுக்குள்ள கெளம்பு.”

கிளம்பிவிட்டேன்.