கிரீஸ் தடவாத சென்சார்

உப்பளம் பகுதியில் எங்கள் எதிர்வீட்டு டாக்சி டிரைவருக்கு என் வயதுதான். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பாள். வண்டியில் எதை மாட்டினாலும் கிரீஸ் தடவித்தான் மாட்டுவாள்.

அன்று வாசலிலேயே புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினாள். மறுநாள் புகைச் சோதனையில் தேறாவிட்டால் வண்டியை ஓட்ட முடியாது. பழையதைக் கழற்றிவிட்டு, புதியதன் அட்டைப்பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"இங்கிலீசுல என்னாடி போட்டிருக்குது?"

"முனையில கிரீஸ் படக் கூடாதாம். பட்டா கெட்டுடுமாம்."

"அய்யய்யோ, நான் தடவியிருந்தா போயிருக்கும்! எனக்குத் தெரியலடி, இன்னொரு தபா படி!"

சிரித்தபடியே சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து மாட்டினாள். மறுநாள் வண்டி தேறிவிட்டது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். 'தெரியலை' என்று யாரிடமும் சொன்னதே இல்லை. அவள் அதைத் தெருவே கேட்கச் சொன்னாளே, எப்படி?