எலிக்குச் சவரம்

பாஞ்சாலை எலிக்குச் சவரம் பண்ணத்தான் தினம் பஸ் ஏறுகிறாள் என்பதைக் கீழ்பென்னாத்தூரில் ஒருவரும் நம்பவில்லை. கடலைக் கொல்லையில் எலியை அடித்து விரட்டி வளர்ந்தவள். வேங்கிக்கால் தாண்டி ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் அதே எலிக்கு வேளை தவறாமல் தீனி வைத்து, சின்ன மெஷினால் முடி மழித்தாள்.

எலியின் ஈரலில் வளர்த்த புற்றுக்கட்டிக்கு மின்மினிப் பூச்சிபோல ஒளிரும் குணத்தை ஏற்றியிருந்தார்கள். மயக்கி இருட்டுப் பெட்டியில் படுக்கவைத்தால் கேமரா அந்த வெளிச்சத்தை அளக்கும். ஜாஸ்தி என்றால் கட்டி பெரிசு. கம்மி என்றால் மருந்து வேலை செய்கிறது.

ஒருமுறை, மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் பாதிக்குத்தான் வெள்ளை எலி வந்தது. மருந்து கொடுக்கவேண்டிய மீதிக்குக் கருப்பு எலி வந்து சேர்ந்தது. வெள்ளையை மழித்து முடித்ததும் சவர மெஷினும் கெட்டுப்போயிற்று. ஆராய்ச்சியாளர் வளவன், “கருப்பு எலிங்களை அப்படியே வைங்கக்கா, நேரமில்ல” என்றான்.

கருப்பு எலிகளில் வெளிச்சம் வெள்ளையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மருந்து ஜெயித்துவிட்டதென்று கேக் வந்தது. வளவன் கத்தியை வைத்த நேரம் பாஞ்சாலைக்கு மனசு கேட்கவில்லை.

“சார், கருப்புக்கு மழிக்கவே இல்லைங்களே.”

“அதுக்கென்னக்கா?”

“அவ்ளோ அடர்த்தியா கருப்பு முடி. உள்ள வெளிச்சம் இருந்தா வெளிய எப்படிங்க தெரியும்?”

கத்தி கேக்கிலேயே நின்றது. அன்றே புது மெஷின் வாங்கி மழித்தார்கள். வெளிச்சம் மூன்று மடங்கானது. தோலில் திட்டுத்திட்டாகக் கருமை இருந்த இடங்களில் மட்டும் மங்கல். கருப்பு எலிகளை மட்டும் குப்புறப் போட்டிருந்தார்கள்; வெள்ளையைப்போலவே மல்லாத்தினார்கள். ஈரல் வயிற்றுப்பக்கம்தானே, இன்னும் பளீரென்று வெள்ளைக்குச் சமமாக வந்தது.

மல்லாத்தினால் ஏன் கூடுகிறது என்று வளவன் போன் டார்ச்சை விரலில் அழுத்திக் காட்டினான். விரல் சிவப்பாக மினுங்கியது. “மத்த நிறத்தை ரத்தம் முழுங்கிடுதுக்கா. சிவப்புதான் தப்பிச்சு வருது. ஆழம் ஜாஸ்தியானா அதுவும் கம்மி.”

“அப்ப மருந்து?”

“மருந்து இல்லக்கா. முடிதான் குணமாக்கியிருக்கு.”

கேக் தின்னும்போது பாஞ்சாலைக்குக் குற்ற உணர்வாக இருந்தது. இரண்டாவது துண்டும் தின்றாள்.

அடுத்த முறை எல்லாம் ஒரே நிறம், எல்லாம் மொட்டை, எல்லாம் மல்லாக்க. வெளிச்சம் நிஜமாகவே கொஞ்சம் குறைந்தது. கேக் வாங்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவளுக்கு ‘ஒளியியல் உதவியாளர்’ என்று புது அடையாள அட்டை கொடுத்தார்கள். பஸ்சில் அதை எழுத்துக்கூட்டிப் படித்த பக்கத்து வீட்டு மணியம்மாள், ஒளி என்றால் கண் பார்க்கிற வேலைதான் என்று முடிவுகட்டி, மறுநாள் காலையே பழைய மூக்குக்கண்ணாடியோடு வாசலில் நின்றாள்.

“பவரு சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லும்மா.”

“நான் எலிக்குத்தான் பார்க்கறேன், அத்தை.”

“எலியே கண்ணாடி போடுதா?” என்று மணியம்மாள் வாயில் கைவைத்தாள்.