தெரேசம்மாவின் இடது கால்

என் மனைவி தெரேசம்மா பால் வெட்டிய ரப்பர் மரத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். பட்டையில் ஒரு காயம் இருக்காது. கத்தி ஆழமாக இறங்கி உள்மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அங்கே வெட்டவே முடியாது. அப்படிக் கத்தி தவறினால் அன்றைக்கே பூசுவதற்கென்று தோட்டத்தில் தார் மாதிரி ஒரு கறுப்பு மருந்து கொடுப்பார்கள். மற்றவர்கள் அந்த டின்னை ஸ்டோரிலேயே மறந்துவிட்டு மலைக்குப் போவார்கள். இவள் மறந்ததே இல்லை. எப்போதாவது ஒரு மரத்தில் காயம் பண்ணிவிட்டால் அன்று எனக்குக் கறியில் உப்பு இருக்காது.

அவளுக்கு முந்நூறு மரம். விடியுமுன் பால் விடாத தேநீரை, அந்தச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனால், வெட்டி, பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு எங்கள் வரிசை வீடான லயத்துக்கு வர மத்தியானம் இரண்டு மணியாகிவிடும். அதுவரைக்கும் வயிற்றில் அந்தச் சாயத்தண்ணிதான். எனக்குப் புகைக்கூட்டில் வேலை, ரப்பர் ஷீட் காய விறகு போட வேண்டும். எனக்கு ஒன்பது மணிக்கு ரொட்டி, பன்னிரண்டு மணிக்குச் சோறு. இரண்டையும் அவளே கட்டி வைத்துவிட்டுப் போவாள். இதைச் சொல்லும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை, நன்றாகவே சாப்பிட்டேன்.

2005ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து புளத்கொகுபிட்டியக் கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது செருப்பு கண்ணில் பட்டது. பட்டியை நடுவில் வெட்டி, இடைவெளியில் ஒரு துணி நாடாவை வைத்துத் தைத்திருந்தாள்.

“என்னா இது?”

“அந்துபோச்சு.”

தானாக அறுந்த பட்டிக்கும் கத்தியால் வெட்டிய பட்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நான்? வீட்டுக்கு வந்ததும் காலைக் காட்டச் சொன்னேன். சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“பொண்டாட்டி காலப் புருஷன் புடிச்சுப் பாக்குறதா? எனக்குப் பாவத்தத் தேடி வைக்காதீங்க ரோஷானி அப்பா.”

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே சட்டம். மாமியார் காலை மருமகள் பிடிப்பாள், அப்பா காலை மகள் பிடிப்பாள், மனைவி காலைக் கணவன் தொடமாட்டான். நான் கத்தினேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். என் கோபம் ஊரறிந்த கோபம். கடைசியில் தள்ளி உட்கார்ந்துகொண்டு காலை மட்டும் நீட்டினாள். சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் வீங்கிக் கன்னங்கரேலென்று இருந்தன.

“பால் புடிக்கிற செரட்ட ஒடைஞ்சு குத்துனது. மூணு கெழம ஆச்சு. ஒரு வலியும் இல்லீங்க, ஆறிக்கிட்டுத்தான் வருது.”

மூன்று வாரமாக அந்தக் காலோடு மலை ஏறி இறங்கியிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். இருபது வருஷம் புகையில் நின்ற மூக்கு எனக்கு, வாடை பிடிபடாது. கண்ணுக்கு அப்படி எந்தச் சாக்கும் இல்லை.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சீனி வியாதி நிறைய நாளாக இருந்திருக்கிறது, அதனால்தான் வலி தெரியவில்லை என்றார்கள். டொக்டர் சிங்களவர், சின்ன வயசு. “மொனவத காவே, அக்கே?” என்று கேட்டார். என்ன பூசினீர்கள் என்று அர்த்தம். தெரேசம்மா என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள். தேங்காய் எண்ணெயைத் தவிர ஒன்றும் பூசவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கறுப்பு போகவில்லை. டொக்டர் என்னை வெளியே கூட்டிப் போய், இரண்டு விரலும் செத்துவிட்ட மாதிரி இருக்கிறது, கறுப்பு பாதத்தின் ஓரம் வரைக்கும் ஏறியிருக்கிறது, புதன்கிழமை வெட்ட வேண்டும், எவ்வளவு போகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பாதி பாதம் போனாலும் போகலாமாம்.

அன்று பின்னேரம் ஒரு நேர்ஸ் மிஸ் தாள் ஒன்றோடு கட்டிலுக்கு வந்தார். சீனி வியாதிக்காரர்களிடம் கேட்கும் கேள்விகளாம். உங்களை நீங்கள் எவ்வளவு நன்றாகக் கவனித்துக்கொள்கிறீர்கள், பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்டார். இவள் கொஞ்சமும் யோசிக்காமல் எட்டு என்றாள். ஏன் எட்டு?

“தெனமும் குளிக்கிறேன். வெத்தல போடுறதில்ல. காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல மிஸ், இருவத்திரெண்டு வருஷத்துல ஒரு நாள் வேல விட்டதில்ல.”

கவனிப்புக்குச் சாட்சியாக இதைத்தான் சொன்னாள். மிஸ் எட்டு என்று எழுதிக்கொண்டு போனார்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்கு அடியில் கைவிட்டபோது மரத்துக்குப் பூசும் அந்த டின் கிடைத்தது. பக்கத்தில் பழைய பாவாடைத் துணி, முழுக்கக் கறுப்பு. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை நோயாளி பார்க்கும் நேரத்துக்கு டின்னைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

“இதையா பூசுன?”

“மெதுவாப் பேசுங்க.” பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தாள். “மரத்துக் காயமே ஆறுது. நமக்கு ஆறாதான்னு பூசுனேன்.”

“டொக்டர்கிட்ட சொல்லு. அந்தக் கறுப்புல எது தாரு, எது செத்த சதைன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“சொன்னா சிரிப்பாங்க. தோட்டத்துச் சனத்துக்கு மரத்துக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியலன்னு சொல்லுவாங்க. எனக்கு மானம் போயிரும்.”

“அப்ப நான் சொல்றேன்.”

“வேணாங்க.” என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வழக்கமாக அந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். டின்னைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “நாளைக்கு ஒன் காலு போச்சுன்னா, வியாதியால போச்சா, வெக்கத்தால போச்சான்னு நான் சாகுறவரைக்கும் நெனைச்சுக்கிட்டே கெடக்கணும் தெரேசா. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடாது” என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அந்தப் பெண்கள் வார்ட்டில், எல்லாரும் பார்க்க நான் அழுதேன்.

அவள் என் கையை விட்டுவிட்டு மிஸ்ஸைக் கூப்பிடச் சொன்னாள். மிஸ் வந்ததும் டின்னைக் கையில் எடுத்துக் காட்டி, சிங்களத்தில் முழுவதையும் தானே சொன்னாள். எத்தனை நாள், எத்தனை தடவை, ஒன்றையும் விடவில்லை. மிஸ் சிரிக்கவில்லை. ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தார்.

எண்ணெயில் நனைத்த பஞ்சால் அரை மணி நேரம் துடைத்தார்கள். பாதத்தின் ஓரம் முதலில் வெளுத்தது. பிறகு நான்காவது விரல், சிவந்து புண்ணாக, ஆனால் உயிரோடு வெளியே வந்தது. டொக்டர் அழுத்திவிட்டுக் கையை எடுத்தார், இரத்தம் திரும்ப ஓடி வந்தது. சின்ன விரல் மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஒன்று போகும், மற்றதையெல்லாம் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

அவர்கள் போகத் திரும்பும்போது தெரேசம்மா, “மிஸ், அந்தத் தாள்ல இருக்குற எட்ட வெட்டிருங்க” என்றாள்.

“எத்தனை போட?”

“என் மரத்துல எவளாச்சும் இப்படிப் பண்ணி வச்சிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா?” கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டு போடுங்க.”

சின்ன விரலை எடுத்து ஒன்றரை மாதம் கழித்து அவளுக்கு லயத்துக்குப் பக்கத்திலேயே மரம் கொடுத்தார்கள், காலை மூடும் சப்பாத்து போட்டுக்கொண்டு போனாள். தினமும் உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும், அவளுக்கு உணர்ச்சி தெரியாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மகள் ரோஷானி கொழும்பில் வேலையில் இருந்தாள். இவள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, வளையாத இடுப்பை வளைத்துத் தானே பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல” என்பாள். நானும் சரி என்று விட்டுவிடுவேன். கேட்டால் சண்டை வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு வந்தவள் கண்ணாடியை எடுக்கவில்லை. முக்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். முகம் என்னவோ வாசல் பக்கம் திரும்பியிருந்தது. காது வரைக்கும் வெட்கம்.

“நல்லாப் பாருங்க. எனக்காகப் பொய் மட்டும் சொல்லாதீங்க.”

காலை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நான்கு விரல். தோல் வெடித்த, கனமில்லாத பாதம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பிடித்திருக்கிறேன். குதிங்காலுக்குப் பக்கத்தில், சப்பாத்து உரசிய இடத்தில், நெல்மணி அளவுக்குச் சிவந்திருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் அவளுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி.

“குதிங்கால்ல ஒரு எடம் செவந்திருக்கு தெரேசா. தொடுறேன், தெரியுதா?”

“தெரியல.”

காலை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

“அப்ப கங்காணிகிட்ட சொல்லிருங்க” என்றாள். “நாளைக்கு நான் வேலைக்கு வரல.”