டாக்டரின் பங்காளிகள்

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவது தாத்தா காலத்தோடு நின்றுபோனது. வீட்டுப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அறுபதுகளின் கடைசியில் நான் லேத் ஓட்டிய அம்பத்தூர் தொழிற்சாலையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதே பெயர் பூந்தமல்லியில் ஒரு டாக்டருக்கு இருந்தது. வேறு யாருக்கும் இருந்து நான் கேள்விப்பட்டதில்லை. "டாக்டர் உனக்கு இன்னா ஓணும்?" என்று கேட்டவர்களிடம் முதலில் சிரித்து மழுப்பினேன். சிரித்ததற்கே மரியாதை கிடைத்தது. பிறகு துணிந்து "பங்காளி" என்றே சொல்லிவிட்டேன். அவர் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

காட்டுப்பாக்கத்தில் எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்ததும் டாக்டருக்காகத்தான். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதனால் அவள் அப்பா டாக்டரைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் வாய் கூசாமல் பதில் சொன்னேன்.

பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரம் டாக்டர் செத்துப்போனார்.

பெண்ணின் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். "பங்காளி சாவு மாப்ளே, தீட்டு கீது. கண்ணாலத்தத் தள்ளி வெச்சிக்கலாம். கருமாதிக்கு நானும் வர்றேன். எளையவன் நீ மொட்டை அடிக்கணுமே."

உண்மையைச் சொன்னால் பெண் கைவிட்டுப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு போனேன்.

பாரிவாக்கம் ஏரிக்கரையில் எனக்கு முன்பே இரண்டு பேர் சட்டையைக் கழற்றிவிட்டு மொட்டைக்காக நாவிதர் முன் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஆவடி போலீஸ்காரர், இன்னொருவர் டிராயிங் வாத்தியார். இருவரும் எங்கள் வீட்டுப் பெயரையே சொன்னார்கள். "நீங்க டாக்டருக்கு எந்த வழில சொந்தம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். போலீஸ்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் ஏரியைப் பார்த்தார். ஊசி போட்டுப் பிழைத்த மனிதர், எத்தனை பேருக்குச் சம்பளமில்லாமல் பங்காளி வேலை பார்த்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டரின் மகன் வந்தான். மொட்டைத் தலை, ஈர வேட்டி. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்களுக்கு சொந்தம்னு யாருமே இல்லன்னு அப்பா சொல்வாரு. மூணு மாசம் படுக்கையில கெடந்தாரு. நீங்கள்லாம் இவ்ளோ பக்கத்துலதான் இருந்தீங்களா?"

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாங்கள் யாரும் உறவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மனசு ஆறிவிடும். ஆனால் என் தோளை ஒட்டிப் பெண்ணின் அப்பா நின்றிருந்தார்.

வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது. நாவிதர் அதை வாகாகப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தெளித்தார்.