விரல் கட்டும் பில்லியர்ட்ஸ் கோலும்

கும்மிடிப்பூண்டியில் நான் நர்ஸாக இருந்த தொழிற்சாலையில், முதலுதவி அறைக்கும் பில்லியர்ட்ஸ் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு தட்டிதான். எழுபதுகளின் தொடக்கம். வாசலில் ‘மனமகிழ் மன்றம்’ என்று பலகை மாட்டியிருந்தாலும் எல்லோரும் கிளப்பு என்றே சொல்வார்கள். மெட்ராஸில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஏதோ கிளப்பிலிருந்து ஏலத்தில் வந்த மேஜை அது. பச்சைத் துணியில் அங்கங்கே ஒட்டு.

மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்து போகும் எனக்கு அந்த ஆட்டம் காதால்தான் பழக்கம். ‘டொக்’ என்று மெல்லக் கேட்டால் ஆடுகிறவர் கணக்கு அதிகாரி. ‘டமார்’ என்று கேட்டு, பிறகு தரையில் ஏதாவது உருண்டால் லேத் பிரிவு ஃபோர்மேன்.

கணக்கு அதிகாரி திருவள்ளூர்க்காரர். அண்ணன் தம்பிகளெல்லாம் கோயில் கைங்கர்யத்தில் இருக்க, இவர் மட்டும் தொழிற்சாலைக்கு வந்துவிட்டவர். கோலைப் பிடித்திருக்கிறாரா, கோல் தானாகக் கையில் நிற்கிறதா என்று சந்தேகம் வரும்படி ஆடுவார். ஃபோர்மேன் ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். ஆறடி உயரம், மனசு வெல்லம், கை மட்டும் இடுக்கி. எதைப் பிடித்தாலும் ஸ்பானர் பிடித்தாற்போலத்தான். ஒருமுறை அவர் குத்திய சிவப்புப் பந்து தட்டியைத் தாண்டி வந்து என் டிஞ்சர் பாட்டிலை உடைத்தது. “மாப்பு பண்ணுமா சிஸ்டர், கையி வழுக்கிடுச்சு” என்றார் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து. வழுக்கும் கையா அது!

ஒருநாள் வேலையில் ஏதோ இரும்பு நழுவி அவருடைய வலது மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கின. எலும்பு தப்பித்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டுப் போட்டு, “ஒரு வாரம் கையை ஆட்டாதீங்க அண்ணே” என்றேன். அவர் நேராகப் பக்கத்து அறைக்குத்தான் போனார்.

‘டொக்.’

கணக்கு அதிகாரி என்று நினைத்தேன். மறுபடி ‘டொக்’. பிறகு ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் ஃபோர்மேன் கோலை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபடி நிற்கிறார். பந்து குழிக்குள். கட்டுப் போட்ட விரல்கள் மடங்காததால் மற்ற விரல்களில்தான் கோலைத் தாங்க முடிந்திருக்கிறது. இறுக்கிப் பிடிக்க வழியில்லை. பந்து சொன்னபடி போயிருக்கிறது. அந்த வாரம் கணக்கு அதிகாரியையே திணறடித்தார்.

காயம் ஆறிக் கட்டைப் பிரித்தேன். அன்று மாலையே ‘டமார்’.

மறுநாள் வந்து கையை நீட்டினார். “கட்டு போடு சிஸ்டர்.”

“ஆறிடுச்சே அண்ணே.”

“உள்ள வலிக்குதும்மா.”

“எங்க வலிக்குது?”

கொஞ்சம் யோசித்து, “கிளப்புல” என்றார்.

சிரித்துக்கொண்டே போட்டுவிட்டேன். அங்கேதான் பேஜாரு ஆரம்பித்தது. அடுத்து வெல்டர் வந்தார், ஸ்டோர் குமாஸ்தா வந்தார், காயம் இல்லாத கைகளாக வந்துகொண்டே இருந்தன. நான் கட்டுப் போட மறுத்தவர்களெல்லாம் சொந்தக் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள்.

மேனேஜர் ஒரு சுற்று வந்தவர் முகம் வெளுத்து என் அறைக்குள் நுழைந்தார். “இத்தனை பேருக்கு விரல்ல அடி. எந்த மெஷின்னு சொல்லுங்க சிஸ்டர், இப்பவே நிறுத்தச் சொல்றேன்.”

தட்டியைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து அங்கே ‘டொக்’ என்றது. அவர் போய் எட்டிப் பார்த்து, எல்லோருடைய கட்டையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். “இனிமே கட்டுப் போடறதா இருந்தா, ரத்தத்தைப் பார்த்துட்டுப் போடுங்க” என்று மட்டும் சொன்னார்.

வருடாந்தரப் போட்டி நெருங்கிவிட்டது. ஃபோர்மேன் கட்டில்லாத கையோடு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து, கேன்டீன் டீயை வாங்கி வைத்துக்கொண்டு புலம்பினார். அந்த டீ கொதிக்கக் கொதிக்க வரும். கிளாஸின் விளிம்பைக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தார். மற்ற இரண்டு விரலும் காற்றில் நின்றன.

“அண்ணே, கையை அப்படியே வச்சுக்குங்க!” என்றேன். கிளாஸை வாங்கிவிட்டு, பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் அதே விரல்களில் கோலைக் கொடுத்தேன். “சுடுதுன்னு நெனச்சுக்குங்க.”

“இன்னா சிஸ்டர், வெளாட்றியா?” என்றார். ஆனாலும் குத்தினார்.

‘டொக்.’

இறுதி ஆட்டம் எதிர்பார்த்தபடி அவருக்கும் கணக்கு அதிகாரிக்கும்தான். வேலை முடிந்த ஆட்களெல்லாம் ஜன்னலில் தொங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் குனியுமுன் ஃபோர்மேன் விரல்களை ஊதிக்கொண்டு, “சுடுது, சுடுது” என்று முணுமுணுத்தார்.

கணக்கு அதிகாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “என்ன ஓய் சுடறது?”

“கோலுதான் சாமி.”

“கோல் எப்படிச் சுடும்?”

“நீ எப்படிப் புடிக்கிறே? அத்தச் சொல்லு.”

கணக்கு அதிகாரி பதில் சொல்லத் தன் கையைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோலைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பிடித்தார், பின்னே இழுத்தார், சுண்டு விரலை மடக்கினார், நீட்டினார். பிறகு குனிந்து குத்தினார். கோல் நுனி வழுக்கி, பந்து பக்கவாட்டில் ஓடியது. அவருக்குக் கோல் வழுக்கிப் பார்த்தவர் அங்கே யாருமில்லை. அடுத்ததும் அப்படியே. நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“எப்படிப் பிடிக்கறேன்னு இத்தனை வருஷமா நான் யோசிச்சதே இல்லை, சிஸ்டர்” என்றார் என்னிடம், அழாக்குறையாக. “இப்போ யோசிச்சுட்டேன். போச்சு.”

ஃபோர்மேன் ஜெயித்தார். ஆட்கள் அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இறக்கிவிட்டார்கள். அவர் நேராக வந்து கோலை என் கையில் திணித்தார். “நீயும் ஒண்ணு குத்து சிஸ்டர்.”

அதுவரை நான் ஒருமுறைகூட ஆடியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பிடி, ஊசி மருந்துக் குழாயைப் பிடிக்கிற பிடிதான். மூச்சை அடக்கி, மெதுவாக, மிக மெதுவாகக் குத்தினேன். பந்து ஒரு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது.

ஃபோர்மேன் குனிந்து பந்தை உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, ஊசி போடறப்ப மட்டும் இந்த மெதுவு எங்கம்மா போவுது?”

ஜன்னலில் தொங்கியவர்கள் அத்தனை பேரும், என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள்தானே, கைதட்டினார்கள்.